பகலில் எடுத்த நிலவு

மாலையில் கடற்கரைக்குச் செல்வோர் பலர். இருள் கவிந்த பின்னும் அங்கே தங்குவோர் சிலர். அந்தச் சிலருள்ளும், மணலில் முக்காலி ஒன்றை ஊன்றி, அதன்மேல் படக்கருவியைப் பொருத்திக் கடலை நோக்கிக் காத்து நிற்போர் நேற்றுவரை விரல்விட்டு எண்ணத்தக்கவராகவே இருந்தனர். இன்று நிலை வேறு. மெரினாவிலும் சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் இரவு பத்து மணிக்கு மேலும் கைபேசியை உயர்த்திப் பிடித்த கைகளைக் காண்கிறோம். இரவின் கடலைப் படமெடுப்பது அத்தனை எளிதாகிவிட்டது. ஆயினும் இந்த எளிமை வந்து சேர்ந்த வழி நீண்டது, வளைவுகள் மிகுந்தது. அவ்வழியைத் திரும்பிப் பார்த்தால், படக்கலையின் வரலாற்றோடு நம் கரைகளுக்கு நேர்ந்ததும் உடன் தெரியவரும் என்பதனால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இக்கலைக்குத் தமிழில் வழங்கும் பெயர்களே நம்மைச் சற்று நிறுத்தி வைக்கின்றன. நிழற்படம் என்கிறோம். ஒளிப்படம் என்கிறோம். பெரும்பாலோர் புகைப்படம் என்றே சொல்லிப் பழகிவிட்டனர். ஒளி வரைந்த ஒன்றுக்கு நிழல் என்றும் பெயர் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். இரவுக் கடற்கரையைப் பொறுத்தவரையில் மட்டும் அவ்விரு பெயர்களும் ஒன்றோடொன்று வழக்காடிக்கொண்டே வந்துள்ளன என்று கூறத் தோன்றுகிறது.

பாரிஸ் நகரின் லூயி தாகேர் தம் கண்டுபிடிப்பை 1839-ஆம் ஆண்டில் உலகறியச் செய்தபோது, நல்ல வெயிலிலும் ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் ஒளி பட வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அவர் பாரிஸின் பரபரப்பான தெரு ஒன்றை மாடியிலிருந்து படமெடுத்தார். அத்தெருவில் அப்பொழுது வண்டிகளும் மனிதர்களும் சென்றுகொண்டே இருந்தனர். படத்திலோ தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. நகர்ந்தவர் எவரும் பதியவில்லை. ஓர் ஓரத்தில், காலணிக்கு மெருகேற்றிக் கொள்வதற்காக ஒரே இடத்தில் நின்ற ஒருவரின் உருவம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. படக்கலை பதிவு செய்த முதல் மனிதர்களுள் அவரும் ஒருவர்; பெயர் நமக்குத் தெரியாது. நின்றவர் பதிந்தார், நடந்தவர் மறைந்தார் என்னும் இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

பகலுக்கே இந்தப் பாடு என்றால் இரவைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. முழுநிலவின் ஒளி, கதிரவன் ஒளியில் ஏறத்தாழ 4 இலட்சத்தில் ஒரு பங்கே. வெயிலில் ஒரு வினாடியில் பதியும் காட்சி ஒன்று நிலவொளியில் அதே அளவு பதிய வேண்டுமானால், கணக்குப்படி 4 இலட்சம் வினாடிகள் தேவை. அதாவது நான்கரை நாட்களுக்கும் மேல். முழுநிலவு நான்கரை நாட்கள் வானத்தில் அசையாது நிற்பதில்லை. கடலோ நான்கு வினாடிகள்கூட நிற்பதில்லை. ஆகவே, அக்காலத்தவருக்கு நிலவொளிக் கடல் என்பது ஓவியர்க்கு உரியது, படக்கலைஞர்க்கு எட்டாதது என்றே இருந்தது.

எட்டாத அதனை ஒருவர் எட்டிப் பிடித்ததாக 1856-ஆம் ஆண்டில் ஒரு செய்தி பரவியது. பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே என்பவர் ஓவியராகப் பயின்று படக்கலைக்கு வந்தவர். அவர் எடுத்த கடற்காட்சி ஒன்று அவ்வாண்டு இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இருண்ட கடல், நடுவே ஒளித்தகடு போல மின்னும் நீர், மேகங்களுக்குப் பின்னால் ஒளிந்த சுடர், தொலைவில் தனித்த ஒரு பாய்மரக் கப்பல். ‘நிலவொளியில் பாய்மரக் கப்பல்’ என்பது அதற்கு வழங்கிய பெயர். கண்டவர்கள் வியந்தனர். நிலவே அதனை வரைந்தது என்று நம்பியோர் பலர்.

உண்மையில் அது பகலில் எடுத்த படம். மேகத்துக்குப் பின்னால் கதிரவன் மறைந்திருக்கும் தருணம் பார்த்து, கதிரவனுக்கு நேராகவே வில்லையைத் திருப்பி, மிகக் குறைந்த நேரம் ஒளிபடச் செய்தார் லெ கிரே. ஒளி மிகுந்த நீர் மட்டும் வெண்மையாயிற்று. ஏனையவை கருமையில் ஆழ்ந்தன. பகல் இரவாயிற்று. அடுத்த ஆண்டு அவர் எடுத்த புகழ்பெற்ற அலைக்காட்சியில் வானம் ஒரு நெகட்டிவிலிருந்தும் கடல் மற்றொரு நெகட்டிவிலிருந்தும் வந்து ஒரே தாளில் இணைந்தன. அக்கால இரசாயனம் நீல ஒளிக்கு அளவுமீறி இணங்குவது. கடலுக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் வானம் வெளுத்துப்போகும். அக்குறையைக் களைய அவர் கண்ட வழி அது. இதைப் பொய் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. கண் காண்பதைக் கருவி காண மறுத்தபோது, கருவியைக் கண்ணின் பக்கம் இழுத்துவர அவர் முயன்றார். ஆயினும் இரவுக் கடற்கரையின் பட வரலாறு ஒரு பகற்காட்சியில் தொடங்குகிறது என்பது மறக்கத்தக்கதன்று.

அதே 1856-ஆம் ஆண்டில்தான் நம் சென்னையிலும் படக்கலைச் சங்கம் ஒன்று தோன்றியது. நகரில் கலைப்பள்ளியை நிறுவிய மருத்துவர் அலெக்சாந்தர் ஹன்டர் அதன் முன்னோடி. அவ்வாண்டிலேயே லின்னேயஸ் டிரைப் என்ற படைத்துறை அலுவலர் சென்னை மாகாண அரசின் படக்கலைஞராக அமர்த்தப்பட்டார். தஞ்சையையும் மதுரையையும் திருச்சிராப்பள்ளியையும் அவர் பதிவு செய்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. அவருக்கும் வானம் வெளுத்துப்போகும் அதே தொல்லை இருந்தது. அவர் என்ன செய்தார்? நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். தென்னாட்டுக் கோபுரங்களுக்கு மேலே அவர் படங்களில் மிதக்கும் மேகங்கள் சில அவர் கைவண்ணமே. அவருக்குச் சற்று முன்னர், 1850-களின் தொடக்கத்தில் சென்னைக் காட்சிகளை எடுத்த ஃபிரெடரிக் ஃபீபிக் என்பாரும் தம் படங்களுக்குக் கையால் வண்ணம் பூசினார். வானமும் வண்ணமும் தூரிகைக்கே உரியனவாக இருந்த காலம் அது. நம் கரையின் இரவைப் பற்றி அவர்கள் ஒன்றும் விட்டுச் செல்லவில்லை. விட்டுச் செல்லவும் இயலாது.

படங்கள் இல்லை என்பதனால் இரவு இல்லாமல் போகவில்லை. அந்த இரவைக் கரையிலிருந்து பார்த்தவரைவிடக் கடலிலிருந்து பார்த்தவரே மிகுதி. பட்டினப்பாலையில் ஓர் இரவுக் காட்சி வருகிறது. புகார் நகரின் உயர்ந்த மாடங்களில் அணையாது எரியும் விளக்குகளை, இரவின் கடைசிப் பொழுதில், கடலில் படகில் இருக்கும் பரதவர் எண்ணுகின்றனர். எண்ணத்தக்க அளவில் விளக்குகள் இருந்தன என்பதே இதில் நாம் காணும் வரலாற்றுச் செய்தி. தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்கு எற்பாட்டையும் குறிஞ்சிக்கு யாமத்தையும் வகுத்துத் தந்தது. இலக்கணம் கடற்கரைக்குக் கதிர் சாயும் நேரத்தை வகுத்தாலும், கடலோடிகளின் வாழ்க்கை யாமத்தில்தான் பெரிதும் நடந்தது, இன்றும் நடக்கிறது.

சென்னைக் கரையின் விளக்குகளையும் ஒருவாறு எண்ணிவிடலாம். 1796-இல் கோட்டைக்குள் இருந்த ஒரு கட்டடத்தின் உச்சியில் தேங்காய் எண்ணெய் விளக்குகளைக் கொண்டு முதல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1844-இல் அதற்கெனவே கருங்கல் தூண் ஒன்று எழுந்தது. 1894-இல் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் குவிமாடத்துக்கு விளக்கு இடம் மாறியது. 1977-இல் மெரினாவின் தென்கோடியில் இன்றைய கோபுரம் வந்தது. இவற்றுக்கிடையே 1896-இல் புதிதாக எழுப்பப்பட்ட சாந்தோம் பேராலயத்தின் 155 அடிக் கூர்கோபுரமும் கரைக்கு ஓர் அடையாளமாயிற்று. ஆளுநர் கிராண்ட் டஃப் கரையோரச் சாலையைச் செப்பனிட்டு அதற்கு மெரினா என்று பெயரிட்டது 1884-இல். அதே ஆண்டில், கடனுக்கு அஞ்சிப் பிரான்சை விட்டு நீங்கியிருந்த லெ கிரே கெய்ரோ நகரில் காலமானார் என்பதனை இடையில் ஒரு செய்தியாகச் சொல்லி வைக்கிறோம்.

கரையின் விளக்கு காப்பது மட்டுமன்று, காட்டிக்கொடுப்பதும் உண்டு என்பதைச் சென்னை 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் கற்றது. ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் அன்றிரவு துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு அரைமணி நேரத்துக்குள் அகன்றது. கலங்கரை விளக்கமும் நகரின் விளக்குகளும் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தன. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்து கரை முழுவதும் ஒளிவெள்ளமாயிற்று. அத்தொட்டிகளிலிருந்து புகை எழும் படங்கள் நமக்குக் கிடைக்கின்றன. குண்டு பாய்ந்த அந்த அரைமணி நேரம் மக்கள் நினைவிலும் ‘எம்டன்’ என்ற வசைச் சொல்லிலுமே தங்கியது. இரண்டாம் உலகப்போரில், 1942-இல், கரையோரம் இருட்டடிப்பு வந்தது. விளக்கை மறைப்பது அப்பொழுது சட்டமாயிற்று.

இதற்கிடையே படக்கலை வேகமாக வளர்ந்தது. 1871-இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற மருத்துவர் உலர்தகட்டுக்கு வழிகண்டார். 1887-இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த வெடிப்பொடி வந்தது. 1929-இல் ஃப்ளாஷ் பல்பு வந்தது. இருட்டறைகளையும் சுரங்கங்களையும் சேரிகளின் உட்புறத்தையும் இவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. கடற்கரையில் மட்டும் இவை தோற்றன. அறைக்குள் வெட்டும் ஒளி சுவரில் பட்டுத் திரும்பும். கடலுக்குச் சுவர் இல்லை. தொலைவு இருமடங்கானால் ஒளி கால்பங்காகும். ஃப்ளாஷ் வெட்டியவுடன் அருகில் நிற்பவரின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். அவருக்குப் பின்னால் கடல் இருந்த இடத்தில் ஒரு கரிய திரை தொங்கும். நம் வீட்டு ஆல்பங்களில் இத்தகைய படங்கள் இல்லாத வீடு குறைவு. வேளாங்கண்ணிக்கோ மணப்பாட்டுக்கோ சென்று வந்தபின், ‘இது கடற்கரையில் எடுத்தது’ என்று வாயால் சொல்லி விளக்கவேண்டிய படங்கள் அவை.

ஆகவே, பகலை இரவாக்கும் லெ கிரேயின் வழிக்கே பலரும் திரும்பினர். உலகின் துறைமுக நகரங்கள் பலவற்றில் ‘நிலவொளிக் காட்சி’ என்ற பெயரில் விற்ற அஞ்சலட்டைகள் பகற்படங்களுக்கு நீலம் பூசி, வானத்தில் ஒரு நிலாவையும் வரைந்தவை. திரைப்படத்தார் இதனை ஒரு முறையாகவே வகுத்துக்கொண்டனர். வில்லையின் முன் செவ்வண்ண வடிகண்ணாடி ஒன்றைப் பொருத்தினால் கறுப்பு வெள்ளைச் சுருளில் நீலவானம் கருத்துவிடும். ஒளியையும் குறைத்துவிட்டால் உச்சிவெயில் நள்ளிரவாகும். பிரெஞ்சுக்காரர் இதனை ‘அமெரிக்க இரவு’ என்றழைத்தனர். அப்பெயரில் 1973-இல் ஒரு திரைப்படமே வந்தது. நம் பழைய தமிழ்ப் படங்களிலும் காதலர் நிலவில் பாடும் கடற்கரைகளைக் கூர்ந்து நோக்கினால், மணலில் அவர்தம் நிழல் சற்றே அழுத்தமாக விழுவதைக் காணலாம்.  நாம் அப்பாடல்களை விரும்பிக் கேட்பதற்கு இது ஒரு தடையாக இருந்ததும் இல்லை.

உண்மையான இரவை எடுக்க விரும்பியவர்க்கு ஒரே வழி காத்திருப்பது. படச்சுருளின் வேகம் பெருகியபின் இது இயலக்கூடியதாயிற்று. வில்லையின் கதவைத் திறந்து வைத்துவிட்டு நிமிடக்கணக்கில் நிற்பார்கள். முக்காலியின் கால்களை அலை அரிக்கும். உப்புக்காற்று வில்லையில் படலமாகப் படியும். அதைத் துடைக்கப் பருத்தித் துணி வேண்டும். அன்றியும் நேரம் நீள நீளச் சுருளின் உணர்திறன் குன்றிக்கொண்டே போகும். கார்ல் ஷ்வார்ஸ்சைல்ட் என்ற வானியல் அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதனை அளந்து காட்டினார். எனவே, கணக்குப்படி நான்கு நிமிடம் என்றால் பழக்கப்பட்டவர் எட்டு நிமிடம் விடுவர். 36 படங்கள் கொண்ட சுருளில் இரண்டோ மூன்றோ தேறினால் அது நல்ல இரவு.

அப்படித் தேறிய படங்களைப் பார்த்தால் ஒன்று புலப்படும். கடல் பனிமூட்டம் போல் கிடக்கும். அலைகள் தனித்தனியே இரா. அவை அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெண்புகையாகிவிடும். கலங்கரை விளக்கம் தெளிவாக நிற்கும். சாந்தோம் கோபுரம் நிற்கும். கடலில் தத்தளித்தவரைக் காக்கச் சென்று 1930-இல் உயிர்நீத்த டென்மார்க் நாட்டு மாலுமி ஷ்மிட்டின் நினைவாக பெசன்ட் நகர்க் கரையில் எழுந்த மண்டபமும் நிற்கும். மனிதர் எவரும் இரார். தாகேரின் தெருவில் நிகழ்ந்தது இங்கேயும் நிகழ்ந்தது. அந்த எட்டு நிமிடங்களில் வலை இழுத்தவரும், கட்டுமரம் தள்ளியவரும், கூடை சுமந்த பெண்களும் படத்துக்குள் நடந்து, படத்தைவிட்டு வெளியேறிவிட்டனர். அவர்கள் கையில் பிடித்த விளக்கின் கோடு மட்டும் சில படங்களில் புழுப்போல் நெளிந்து கிடக்கும். இரவுக் கரை ஆளரவமற்ற ஓர் அழகிய வெளி என்ற எண்ணம் நகரத்தார் மனத்தில் ஊன்றியதற்கு இத்தகைய படங்களும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. ஆளற்ற இடம் என்று படம் காட்டினால், அதை அழகுபடுத்தவும், சாலை போடவும், அங்கே குடியிருப்போரை அப்புறப்படுத்தவும் எண்ணம் எழுவது எளிது. நொச்சிக்குப்பத்தார்க்கும் நடுக்குப்பத்தார்க்கும் இதனை நாம் விளக்கவேண்டியதில்லை.

மெரினாவின் இரவில் மனிதர்கள் பெருந்திரளாகப் பதிந்த காலமும் வந்தது. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காகத் திரண்ட இளைஞர்கள் பகலிரவாக மணலிலேயே அமர்ந்திருந்தனர். இருள் சூழ்ந்த வேளையில் ஆயிரமாயிரம் பேர் தத்தம் கைபேசியின் விளக்கை உயர்த்திப் பிடித்தனர். வானத்து மீன்கள் மணலில் இறங்கியதுபோல் தோன்றிய அப்படங்களை நம்மில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். இம்முறை ஒளியும் மக்களுடையது, கருவியும் மக்களுடையது, பதிந்தவரும் அவர்களே. அப்போராட்டம் முடிந்த ஜனவரி 23 அன்று நடுக்குப்பத்தின் மீன்சந்தை தீக்கிரையாயிற்று. விளக்குகளின் படம் சென்ற இடமெல்லாம் அந்தச் சந்தையின் சாம்பலைக் காட்டும் படம் சென்றதாகத் தெரியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2019 ஆகஸ்ட் 18 இரவு, சென்னையின் கரையோரம் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. திருவான்மியூரிலும் பெசன்ட் நகரிலும் நள்ளிரவில் கூட்டம் கூடியது. நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர்கள் பெருகும்போது, அலை அவற்றைக் கலக்கினால் அவை ஒளியை உமிழ்கின்றன. அன்று கரைக்கு ஓடி வந்த சிலர் ஏமாற்றமடைந்தனர். கைபேசியில் வந்த படங்களில் அலை மயில்நீலமாகச் சுடர்ந்தது. கண்ணுக்கோ பல இடங்களில் அது சாம்பல் கலந்த மங்கிய நீலமாகவே தெரிந்தது. கண்ணில் குறையில்லை. மங்கிய ஒளியில் நம் விழித்திரையில் பணியாற்றும் செல்களுக்கு நிறம் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. கருவிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கண் காண்பதைக் கருவி காணவில்லை என்று லெ கிரே வருந்தினார். கருவி காண்பதைக் கண் காணவில்லை என்று வருந்தும் காலத்துக்கு நாம் வந்துவிட்டோம்.

அந்த நீல அலைகளைக் கண்ட மகிழ்ச்சி தணியுமுன், அடுத்த மாதமே, மன்னார் வளைகுடாவில் அதே நாக்டிலூகா பெருகியது. பாம்பனை அடுத்த பகுதிகளில் பகலில் கடல் பச்சையாகியது. மீன்கள் செத்துக் கரையொதுங்கின. இவ்வுயிர்கள் அம்மோனியாவைத் தம்முள் சேர்த்து வைப்பவை. அளவுமீறிப் பெருகி மடியும்போது நீரில் உயிர்க்காற்றும் குன்றுகிறது. நகரத்தில் வியப்பாகப் பகிரப்பட்ட ஒளி, கடலோடியின் வீட்டில் அடுப்பெரியாத நாளாகவும் இருக்கக்கூடும். ஒளிரும் ஒவ்வொரு அலையும் கேடு என்று இதற்குப் பொருளில்லை. இந்நுண்ணுயிர் கடலுக்குப் புதியதும் அன்று. 2024 அக்டோபரில் கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி மீண்டும் அலைகள் ஒளிர்ந்தன, மீண்டும் கூட்டம் கூடியது. படமெடுத்தவர் எல்லாரும், அந்த வாரம் வலையில் என்ன விழுந்தது என்று பக்கத்துக் குப்பத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இக்காலத்துக் கைபேசிகள் இரவை எடுக்கும் முறை தனித்தன்மை உடையது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் வகுத்த ஒளியுணர் சில்லுக்கு 2009-இல் நொபெல் பரிசு கிடைத்தது. அதன் வழிவந்த உணரிகள் வேதிப்பொருள் பூசிய சுருளைவிடப் பன்மடங்கு கூரியவை. 2018 முதல் கைபேசிகளில் ‘இரவு முறை’ பரவியது. கை நடுங்கினாலும் குற்றமில்லை. கருவி பல குறுநேரப் படங்களை அடுத்தடுத்து எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, இருண்ட பகுதிகளை ஏற்றி, ஒரே படமாகத் தருகிறது. மணல் பழுப்பாகத் தெரிகிறது. வானம் நீலமாகத் தெரிகிறது. நேரம் குறிப்பிடாவிட்டால் மாலை ஐந்து மணி என்றே நினைப்போம். பகலைக் கொண்டு இரவைச் செய்தனர் முன்னோர்; இரவைக் கொண்டு பகலைச் செய்கின்றன நம் கருவிகள். படத்தில் மட்டுமின்றிக் கரையிலும் இதுவே நிகழ்கிறது. உயர்கோபுர மின்விளக்குகள் மணலை நீருக்கு அருகு வரை வெளுக்கச் செய்துள்ளன. உலக மக்களுள் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் செயற்கை ஒளியால் மாசடைந்த வானத்தின்கீழ் வாழ்கின்றனர் என்று 2016-இல் வெளிவந்த இரவுவான நிலப்பட ஆய்வு கூறியது. கடலிலும் ஒளி பெருகியது. மீன்களை ஈர்க்க மிகுதிறன் மின்விளக்குகளைப் பயன்படுத்துவதை 2017 நவம்பரில் நடுவண் அரசு தடை செய்தது; சிறு மீனவரின் நெடுநாள் மனக்குறை அது. இன்று பரதவர் ஒருவர் நள்ளிரவில் கடலிலிருந்து சென்னையைப் பார்த்தால் அவருக்கு எண்ணுவதற்கு விளக்குகள் இல்லை. ஒரே வெளிர்ந்த புகைமூட்டம்தான். கரை எத்திசை என்று அது சொல்லும். எந்தக் கரை என்று சொல்லாது.

இந்த ஒளியால் மனிதரைவிட மிகுதியாகத் துன்புறும் உயிர் ஒன்று உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கரைகளுக்கு முட்டையிட வருகின்றன. நள்ளிரவில் தனியே கரையேறி, பின்துடுப்புகளால் குழிதோண்டி, நூறளவு முட்டைகள் இட்டு, மணலை மூடித் தன் உடலாலேயே தட்டி இறுக்கிவிட்டு ஆமை கடலுக்குத் திரும்பும். கரையேறும் வேளையில் அதன்மீது ஒளி பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். ஏறத்தாழ ஐம்பது நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். இருண்ட கரையில் மிக வெளிச்சமான திசை கடலின் தொடுவானமே. அதை நோக்கி ஓட அவற்றுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கரையில் விளக்கு இருந்தால் அவை விளக்கை நோக்கி ஓடும். விடியும்போது சாலையோரத்திலும் நாய்களின் வாயிலும் கிடக்கும்.

சென்னையில் 1970-களில் சிலர் இக்கூடுகளைத் தேடி இரவில் நடக்கத் தொடங்கினர். 1988 முதல் மாணவர்களும் இளைஞர்களும் அடங்கிய தன்னார்வக் குழு ஒன்று ஒவ்வோர் ஆண்டும் அந்த நடையைத் தொடர்ந்து நடத்தி வருகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, நள்ளிரவுக்கு முன் தொடங்கி விடியும்வரை, மணலில் நடக்கிறார்கள். நடப்பவர்க்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஃப்ளாஷ் கூடாது. வெண்விளக்கு கூடாது. ஆமையைக் கண்டுவிட்டால் பின்னால் தொலைவில் அசையாது அமரவேண்டும். இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு பேர் நடந்தும், முட்டையிடும் ஆமையின் நல்ல படம் அவர்களுள் பலரிடம் இல்லை. கைபேசி பையில் கிடக்க, மூச்சை அடக்கி அமர்ந்திருந்ததைப் பற்றியே அவர்கள் பேசுகின்றனர்.

அவர்களிடம் இருப்பவை வேறு படங்கள். கிழக்கு வெளுத்தபின் எடுத்தவை. அவற்றில் ஆமை இல்லை, இரவும் இல்லை. நீரின் விளிம்பிலிருந்து மேட்டுக்கு ஏறிய ஒரு சுவடு, வலமும் இடமும் மாறி மாறித் துடுப்பு பதிந்த தடத்தோடு, முழங்கை நீளத்தைவிடச் சற்று அகலமாக. மேட்டில் கலைந்த மணல். அங்கிருந்து இன்னொரு சுவடு வளைந்து இறங்கி, ஈரமணல் தொடங்கும் இடத்தில் அலையால் பாதி அழிந்து கிடக்கிறது.